பால் திரியும் வீடு

போன வாரம் ‘யாவரும் நலம்’ படத்தை மூன்றாவது முறையாகப் பார்த்தேன். இந்த முறை பக்கத்தில் அம்மா.

பொம்மை, கண்ணாடி, பழைய அலமாரி என்று பேய் குடியேறும் பொருட்களைப் பார்த்துப் பழகிவிட்டோம். அவற்றைத் தூக்கித் தெருவில் போட்டிருக்கலாமே என்று படம் பார்க்கும்போதே தோன்றும். 2009-இல் வந்த இந்தப் படத்தில் இயக்குநர் விக்ரம் குமார் தேர்ந்தெடுத்ததோ தொலைக்காட்சிப் பெட்டி. அதை எந்த வீட்டில் தூக்கிப் போடுவார்கள்?

13-ஆவது மாடி, 13பி வீடு. அம்மா, அண்ணன், அண்ணி, குழந்தைகள், தங்கை, மனைவி என்று பெரிய குடும்பத்தோடு மாதவன் குடியேறுகிறார். மதியம் ஒரு மணிக்கு ஒரு தொடர் ஓடுகிறது. அதில் வரும் குடும்பத்துக்கு நடப்பதெல்லாம் இவர்களுக்கும் நடக்கிறது. தினமும் கண்கொட்டாமல் பார்க்கும் பெண்கள் யாருக்கும் அது உறைக்கவில்லை. தொடர் பார்க்கும் பழக்கமே இல்லாத மாதவனுக்குத்தான் உறைக்கிறது. இந்தக் குறும்பை அம்மா ரசிக்கவில்லை. “நாங்கள் என்ன அவ்வளவு விவரம் கெட்டவர்களா?” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

பதின்மூன்று என்ற எண் எனக்கு ஒட்டவே இல்லை. நம் ஊரில் எட்டைக் கண்டுதான் முகம் சுளிப்பார்கள். ஆனால் பால் திரிவது இருக்கிறதே, அது நம் வயிற்றிலிருந்து வரும் பயம். பால் பொங்கினால்தான் புது வீட்டில் வாழ்வு தொடங்கும் என்று நம்புகிறவர்கள் நாம். அந்த வீட்டில் தினமும் பால் கெடுகிறது. பூஜை அறைச் சுவரில் ஆணி இறங்க மறுக்கிறது. இதற்கு மேல் ரத்தம் எதற்கு? பி.சி.ஸ்ரீராமின் கேமராவும் அந்த மின்தூக்கியின் இருட்டுமே போதும்.

1977-இல் ஒரு குடும்பத்தில் நடந்த கொலைகளைத் துப்புத் துலக்கும் பின்பாதியில் படம் வேகமெடுக்கிறது. ஆனால் பயம் இறங்கிவிடுகிறது. அதுவரை கூடத்தில் உட்கார்ந்திருந்த கதை, காவல்துறைக் கோப்புகளுக்குள் போய்விடுகிறது. ஒன்று மட்டும் மறுக்க முடியாது. செத்துப்போன குடும்பத்தில் செய்தி வாசிப்பாளர் ஒருவர் இருந்தார் என்பது அழகான முடிச்சு. சென்னையில் தூர்தர்ஷன் வந்தது 1975-இல். தொலைக்காட்சியில் தெரியும் முகமே அதிசயமாக இருந்த காலம் அது.

இந்தியில் இதே படத்துக்கு வீட்டு எண்ணையே பெயராக வைத்தார்கள். தமிழ்த் தலைப்பு வேறு ரகம். “இங்கு யாவரும் நலம், அங்கு உங்கள் நலம் அறிய ஆவல்” என்று தாத்தா எழுதிய அஞ்சலட்டைகள் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கின்றன. ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்கு எழுதும் முதல் வரி. இறந்தவர்கள் தங்கள் தொடருக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் முதுகு சில்லிடுகிறது.

கடைசிக் காட்சியில் பேய் கைபேசிக்கு மாறுகிறது. இன்று எடுத்தால் முதல் காட்சியிலேயே மாறியிருக்கும். எங்கள் கூடத்தில் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பவர்கள் அம்மாவும் நானும் மட்டும்தான், அதுவும் அன்றைக்கு ஒரு நாள்.

மறுநாள் காலை அம்மா அடுப்படியை விட்டு நகரவில்லை. பால் பொங்கி வழிந்த பிறகுதான் காபி கிடைத்தது.