ஓடம் ஏறாத குகன்

(டென்மார்க், ஹேர்னிங். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். குசினியில பிட்டு அவியுது. குகன் மடிக்கணினியும் தேத்தண்ணியுமா நிலத்தில குந்தியிருக்கிறார்.)

குகன்: இஞ்சேரும், வாற யூலை முதல் கிழமை கிரீன்லாந்துக்குப் போறம். இலுலிசாத் எண்ட ஊர். கடலில மிதக்கிற பனிமலையளுக்கு நடுவில கயாக் எண்ட சின்னத் துடுப்பு வள்ளம் ஓடப்போறம்.

வசந்தி: ஆர் போறம்?

குகன்: நீரும் நானும். எங்கட ராசாதானே அங்கயும் ராசா. உள்ளூர்ப் பயணம் மாதிரித்தான்.

வசந்தி: நயினாதீவுக்குப் போகேக்க, குறிகட்டுவானில வள்ளத்தின்ர கயிறு அவிழ்க்க முதலே சத்தி எடுத்த ஆள் நீங்கள். அம்மன் வாசல் மட்டும் என்ர தோளில தொங்கிக்கொண்டு வந்தனீங்கள். பேர் மட்டும் குகன்!

குகன்: அது டீசல் மணம். கயாக்கில எஞ்சினே இல்லை.

வசந்தி: நீந்தத் தெரியுமோ?

குகன்: அதையும் வாசிச்சிட்டன். கயாக்கைக் கண்டுபிடிச்ச, அந்தப் பக்கத்துப் பூர்வீகச் சனமான இனுயிட் வேட்டைக்காரர் கனபேருக்கு நீந்தத் தெரியாதாம். அந்தக் குளிர்த்தண்ணியில நீந்தியும் பிரியோசனமில்லை. கவிண்டா, துடுப்பால ஒரு வீச்சு வீசி, அப்பிடியே உருண்டு மேல வந்திடுவினம்.

வசந்தி: கட்டிலில மற்றப் பக்கம் பிரளுறதுக்கே உங்களை நான் தள்ளிவிடோணும்.

குகன்: பகிடி விடாதேயும். விழுந்தா என்ன செய்யிறதெண்டு கணக்கு இருக்கு. முதல் 1 நிமிசம் மூச்சு வாங்கும், பதறாமல் அடக்கோணும். பிறகு 10 நிமிசம் கைகால் சொல்வழி கேக்கும். நினைவு தப்ப ஒரு மணித்தியாலம் செல்லும்.

வசந்தி: அந்தப் 10 நிமிசத்தில என்ன செய்வீங்கள்?

குகன்: உம்மைக் கூப்பிடுவன்.

வசந்தி: நான் எங்க நிப்பன்?

குகன்: அதே கயாக்கிலதான். ரெண்டு பேர் ஓடுறது எடுக்கப்போறம்.

வசந்தி: அப்ப நானும் தண்ணிக்குள்ள.

(குகன் தேத்தண்ணியை ஒரு முடறு குடிக்கிறார்.)

குகன்: அதுக்குத்தான் உலர் உடுப்புத் தருவினம். கழுத்து, மணிக்கட்டு எல்லாம் ரப்பர் இறுக்கிப் பிடிக்கும். ஒரு சொட்டு உள்ள போகாது.

வசந்தி: வெளியில வருமோ?

குகன்: என்னது?

வசந்தி: இல்லை, ரெண்டு மணித்தியாலத்துக்கொருக்கா எழும்பிப் போற ஆளெல்லோ. அதால கேட்டனான்.

குகன்: விசர்க்கதை! 2004இலயே யுனெஸ்கோ உலக மரபுரிமை எண்டு பதிஞ்ச இடம் அது!

வசந்தி: கவிண்டா யுனெஸ்கோ வந்து தூக்குமோ?

குகன்: கூட்டிக்கொண்டு போறவை பனிமலைக்குக் கிட்ட விடாயினம். வெளியில தெரியிறது பத்தில ஒரு பங்குதான், மிச்சம் முழுக்கத் தண்ணிக்குக் கீழ. உருகி உருகிப் பாரம் மாறினா, சொல்லாமல் கொள்ளாமல் பிரளும்.

வசந்தி: உங்கட அக்காவைப் போல.

குகன்: அக்காவை ஏன் இதுக்குள்ள இழுக்கிறீர்? அதோட, பெரிய துண்டு உடைஞ்சா அலை வருமாம். அதால கரையில நடக்க வேண்டாம், உயிர் போகும் எண்டு பலகை அடிச்சு வச்சிருக்கினம்.

வசந்தி: கரையில நடக்கிறவனுக்கே சாவு. நாங்கள் காசு குடுத்துக் கடலுக்குள்ள போறம்.

குகன்: 1912இல டைட்டானிக்கைத் தாட்ட பனிமலையும் அந்தப் பக்கத்தாலதான் வந்திருக்குமெண்டு சொல்லுகினம்.

வசந்தி: உதை ஏன் ஆசை காட்டுற குரலில சொல்லுறீங்கள்?

குகன்: இரவு 12 மணிக்கும் வெயில் அடிக்கும்!

வசந்தி: கீழ சின்ன எழுத்தில என்னவோ கிடக்கு, வாசியுங்கோ.

குகன்: (மெதுவா) யூலையில நுளம்பு கூடவாம்.

வசந்தி: நுளம்பு வலைக்குள்ள படுத்த ஊரை விட்டு வந்து, 69 பாகை வடக்கில போய்க் கடி வாங்கோணும்! சரி, உங்களை அடக்குற கயாக் இருக்கோ?

குகன்: அந்தக் காலத்தில ஆளுக்கு அளந்துதான் கட்டுவினம். கரையொதுங்கின மரத்தில சட்டம், மேல கடல்நாய்த் தோல். நீளம் ரெண்டு கையையும் விரிச்ச அளவில மூண்டு பாகம், அகலம் இடுப்போட ரெண்டு கைமுட்டி.

வசந்தி: உங்கட இடுப்போட ரெண்டு முட்டியோ? அது கயாக் இல்லை, கப்பல்.

(குகன் மடிக்கணினியை மூடுறார். கொஞ்ச நேரம் கதையில்லை.)

குகன்: அந்த ஐஸ் துண்டு தண்ணியில உருகேக்க சடசடவெண்டு சத்தம் கேக்குமாம். ஆயிரக்கணக்கான வருசம் உள்ளுக்குள்ள அடைபட்டுக் கிடந்த காத்து வெடிச்சு வாறது. அதைப் பக்கத்தில இருந்து கேக்கோணும் போல கிடந்தது. அவ்வளவுதான்.

வசந்தி: அப்பளம் பொரியிற மாதிரியோ?

குகன்: ஓம்.

வசந்தி: ... அந்த ரெண்டு பேர் கயாக்கைத் திருப்புறது ஆர்?

குகன்: பின்னால இருக்கிறவர். காலால மிதிச்சா சுக்கான் திரும்பும்.

வசந்தி: அப்ப பின்னால நான். எழும்பாதேங்கோ, அப்பிடியே இருங்கோ. (தும்புத்தடியோட வந்து பின்னால குந்துறா.) பிடியுங்கோ துடுப்பை. இடப்பக்கம் வலியுங்கோ!

குகன்: உமக்கு இடமோ, எனக்கு இடமோ?

வசந்தி: ரெண்டு பேரும் ஒரு பக்கம்தானே பாத்துக்கொண்டிருக்கிறம்!

குகன்: (முழுசாத் திரும்பி) அதெப்பிடி, நான் உம்மையெல்லோ பாத்துக்கொண்டிருக்கிறன்!

(திரும்பின வேகத்தில தும்புத்தடி கோப்பையில பட, மிச்சத் தேத்தண்ணி முழுக்க அவற்ற மடியில.)

குகன்: ஆ! ஐயோ! அம்மா!

வசந்தி: பதறாதேங்கோ. முதல் 1 நிமிசம் மூச்சை அடக்குங்கோ. பிறகு 10 நிமிசம் கைகால் வேலை செய்யும். அதுக்குள்ள போய் அடுப்பில கிடக்கிற பிட்டை இறக்குங்கோ.