புறாக்கூடு என்று சொன்னவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து வீட்டுப் பந்தியில் நடந்ததை முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தில் இருக்கிற பாதிப்பேர் அன்றைக்கு அங்கே இருந்தீர்கள். மீதிப்பேருக்கு அன்று சாயங்காலத்துக்குள் செய்தி வந்திருக்கும். "என்ன மதினி, புறாக்கூட்டுக்குக் குடி போயிட்டீகளாம்ல? சினிமா பாக்கவும் மால் சுத்தவும் தோதா உங்க மக ஊருக்குள்ளயே வாங்கிட்டாளாக்கும்" என்றார் சித்தப்பா. நாலு பேர் சிரித்தார்கள். அம்மா பாயசம் வருவதற்கு முன்னாலேயே இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார்.

என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தால் அங்கேயே பதில் சொல்லிவிட்டு மொய் எழுதிவிட்டு வந்திருப்பேன். அம்மாவைப் பார்த்துச் சொன்னதால்தான் மூன்று நாளாக ஆறவில்லை.

சரி, வீட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நாங்கள் வாங்கிய அடுக்குமாடி வீடு சிறியதுதான். பத்திரத்தில் 610 சதுர அடி. சுவர், பொது நடை, லிஃப்ட் என்று கழித்தது போக உள்ளே நாங்கள் புழங்குவது 455. டேப் பிடித்து நானே அளந்து பார்த்தேன். ஒரு படுக்கையறை, ஒரு ஹால், அடுப்படி, துணி காயப்போட ஒரு பால்கனி. ஜன்னலைத் திறந்தால் நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலம் தெரியும். இதில் எதையும் நான் யாரிடமும் மறைக்கவில்லை. ஆனால் அந்த வீடு மதுரைக்குள்ளேயே, நாராயணபுரத்தில் இருக்கிறது. கீழே இறங்கினால் பஸ். நூலகத்துக்குப் பத்து நிமிடம், அம்மாவின் டாக்டருக்குப் பதினைந்து நிமிடம். ஊருக்குள் இருக்கிறது என்பதற்காகத்தான் வாங்கினேன். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

நம் சொந்தத்தில் வீடு என்றால் நிலம்தான். பிளாட் வாங்கியிருக்கிறோம் என்று போன மாதம் அத்தைக்குப் போன் பண்ணினேன். "ரொம்ப சந்தோசம்டா, எத்தனை சென்ட்?" என்றார். நம் ஊரில் மனையும் பிளாட்தான், அடுக்குமாடி வீடும் பிளாட்தான். மூன்றாவது மாடி என்றதும் குரல் இறங்கிவிட்டது. "அப்ப நிலம்னு ஒன்னும் இல்லையா?" என்று மட்டும் கேட்டார். அத்தை மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு நிஜமாகவே கவலை. சித்தப்பா சொன்னதில் அந்தக் கவலை இல்லை.

நிலம், நிலம் என்கிறீர்களே, எங்கள் வீட்டில் நிலம் இருந்தது. சித்தப்பாவுக்கு நன்றாகத் தெரியும், பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்தே அவருடையதுதான். 1996இல் அப்பா ஊருக்கு வெளியே செக்கானூரணி போகிற வழியில் ஐந்து சென்ட் வாங்கினார். மாதத் தவணை. வேனில் கூட்டிக்கொண்டு போய், மத்தியானச் சாப்பாடு போட்டு, பஸ் வரும், பள்ளிக்கூடம் வரும் என்றெல்லாம் சொல்லி விற்றார்கள். நான் சின்னப் பிள்ளை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை எங்களை அங்கே கூட்டிப் போவார். நாலு மூலைக் கல்லும் இருக்கிறதா என்று பார்ப்பார். சீமைக் கருவேலத்தை வெட்டுவார், அடுத்த தடவை போகும்போது அது மறுபடி இடுப்பளவு நிற்கும். எங்கே அடுப்படி, எங்கே பூஜை அறை என்று குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டுவார். இருபது வருடம் அந்த வீடு மண்ணில் கோடாகவே இருந்தது. அந்த இருபது வருடமும் நாங்கள் ஜெய்ஹிந்த்புரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம்.

2016 கடைசியில் அப்பாவுக்கு இதய ஆபரேஷன் என்றார்கள். மனையை விற்றுவிடலாம் என்று முடிவு பண்ணி, ஆளும் வந்துவிட்டார். பத்திர ஆபீஸில் முடியாது என்றுவிட்டார்கள். அந்த செப்டம்பரில்தான் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை போட்டிருந்தது. எங்கள் மனைக்கு அங்கீகாரம் இல்லை. அந்த உத்தரவை நான் குறை சொல்ல மாட்டேன். வயலும் கண்மாயும் கல் ஊன்றி மனையாகிக்கொண்டிருந்த காலம், யாராவது நிறுத்தித்தான் ஆக வேண்டும். ஆனால் ஐந்து சென்ட் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆபரேஷனுக்கு, அம்மாவின் வளையலும் சங்கிலியும்தான் அடகுக்குப் போயின. அப்பா அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தார். அந்த இரண்டு வருடமும் மனைப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

பின்னால் வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்து, பணம் கட்டி, அலைந்து, அந்த இடத்தை விற்றோம். அந்தப் பணம் அப்படியே வங்கியில் இருந்தது. இந்த வீட்டுக்கு முன்பணமாகக் கொடுத்தது அதைத்தான். நீங்கள் புறாக்கூடு என்று சொன்னதில் என் அப்பாவின் மனை இருக்கிறது சித்தப்பா. உங்கள் அண்ணனின் மனை.

இப்போது கணக்கு கேட்பவர்களுக்கு வருகிறேன். நிலம் ஏறும், கட்டடம் இறங்கும் என்பார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. 33 லட்சத்துக்கு வாங்கிய இந்த வீட்டில் நிலத்தில் என் பங்கு 275 சதுர அடி. முக்கால் சென்ட் கூட இல்லை. விற்கப் போனால் பெரிதாக லாபம் நிற்காது. ஆனால் நான் விற்க வாங்கவில்லையே. 11 ஆயிரம் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தேன், இப்போது 19 ஆயிரத்துச் சொச்சம் தவணை கட்டுகிறேன். வித்தியாசம் என் சம்பளத்தில் அடங்குகிறது. முழுசாக முடிந்து நிறைவுச் சான்று வாங்கிய கட்டடம், அதனால் ஜிஎஸ்டி இல்லை. 50 லட்சத்துக்குள் இருக்கிற புது அடுக்குமாடி வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 4, பதிவுக் கட்டணம் 2, ஆக 6 சதவீதம்தான் ஆனது. மனையாகக் கிரயம் பண்ணியிருந்தால் 9 சதவீதம். ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணையும் வரைபடத்தையும் வில்லங்கத்தையும் வக்கீலிடம் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அப்பா ஏமாந்த இடத்தில் நான் ஏமாறக்கூடாது என்று ஒவ்வொரு தாளையும் இரண்டு முறை படித்தேன்.

முப்பது வருடம் கழித்துக் கட்டடம் பழசாகிவிட்டால் என்ன பண்ணுவாய் என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் 2022இல் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் ஒன்று போட்டிருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒத்துக்கொண்டால் இடித்துத் திரும்பக் கட்டலாம். நடைமுறையில் சண்டை வரும்தான். அண்ணன் தம்பி வீட்டில் பொதுச் சுவருக்கு வராத சண்டையா?

மெயின்டெனன்ஸ் மாதம் 1,500. தண்ணீர் உப்பு. ஒத்துக்கொள்கிறேன்.

மொட்டை மாடி விஷயத்தில் மட்டும் எனக்கும் வருத்தம் உண்டு. அம்மா வருடா வருடம் மாசி, பங்குனியில் கூழ் வத்தல் போடுவார். இங்கே மாடி எல்லாருக்கும் பொது. சேலையை விரித்து வத்தல் போட்டால் யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று தயங்குகிறார். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன்.

இனி சினிமா, மால் பேச்சுக்கு வருகிறேன். இதுதான் என்னை அதிகமாகக் குத்தியது.

அம்மா இந்த ஊர்ப் பெண். தங்கம் தியேட்டரில் படம் பார்த்து வளர்ந்தவர். 1952இல் திறந்த தியேட்டர், 2563 இருக்கைகள், ஆசியாவிலேயே பெரியது என்று மதுரையே மார்தட்டிக்கொண்ட இடம். கல்யாணத்துக்கு முன்னால் அக்கா தங்கைகளோடு மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி வரை நடந்தே போவார்களாம். பெண்கள் வரிசையில் நெரிசலில் செருப்பு அறுந்தது, இடைவேளையில் முறுக்கு வாங்கியது என்று இப்போதும் ஒன்றுவிடாமல் சொல்வார். தங்கம் இருந்த இடம் இப்போது ஜவுளிக்கடை. சிந்தாமணி தியேட்டரும் ஜவுளிக்கடை ஆகிவிட்டது. ஒரு தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போனபோது, மாடிப்படியில் நின்று "இங்கனதாண்டி திரை இருந்துச்சு" என்று கை காட்டினார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அம்மா தியேட்டருக்குப் போனதை விரல் விட்டு எண்ணிவிடலாம். நேரம் இல்லை, காசு இல்லை, திரும்பி வர பஸ் இல்லை.

வீடு மாறிய இரண்டாவது வாரம் சொக்கிகுளத்தில் இருக்கிற விஷால் மாலுக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன். எஸ்கலேட்டரில் ஏறப் பயந்து என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சீட்டில் உட்கார்ந்ததும், "இம்புட்டு சாஞ்சுக்கிட்டா படம் பாக்குறது?" என்றார். படம் சுமார்தான். அம்மா முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அங்கே பாப்கார்ன் விலை அநியாயம், அதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நாங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போனோம். இரண்டு மாதத்துக்கு ஒரு படம். இதற்குப் பெயர் மால் சுற்றுவதா?

நூலகத்தை யாரும் பேசுவதே இல்லை. புது நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், ஆறு மாடி. உள்ளே போகக் காசு கிடையாது. பிளஸ் ஒன் படிக்கிற என் மகள் தன் புத்தகத்தைக் கொண்டுபோய் அங்கே உட்கார்ந்து படிக்கிறாள். வீட்டில் தனி அறை இல்லையே, பிள்ளை எங்கே படிக்கும் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். சனிக்கிழமைகளில் அம்மாவும் கூடப் போகிறார். வாரப் பத்திரிகைகளைப் புரட்டிவிட்டு, மகளோடு திரும்பி வருகிறார். சில நாள் சாயங்காலம் தெப்பக்குளம். சின்ன வயதில் நான் பார்த்தபோது காய்ந்து கிடந்து பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிய குளம், இப்போது பனையூர் கால்வாய் வழியாக வந்த வைகைத் தண்ணீரோடு நிற்கிறது. படிக்கட்டுச் சுவரில் ஒரு மணி நேரம் காற்று வாங்கிவிட்டு வருவோம். பஸ்ஸுக்கும் சுண்டலுக்கும் ஆகிற செலவுதான். செக்கானூரணி வழியில் ஐந்து சென்டில் தனி வீடு கட்டி உட்கார்ந்திருந்தால், அறுபத்தெட்டு வயது அம்மா இதில் எதற்குத் தனியாகப் போக முடியும்? ஒவ்வொன்றுக்கும் நான் லீவு போட்டு வண்டியில் கூட்டிப் போக வேண்டும். வீடு பெரியதாக இருந்திருக்கும், அம்மா அதற்குள்ளேயே இருந்திருப்பார்.

கோயில் இருக்கே, வயசான காலத்தில் அது போதாதா என்பீர்கள். மீனாட்சியைப் பார்க்க அம்மா வெள்ளி தவறாமல் போகிறார். ஆனால் ஒரு பெண் வெளியே போவதென்றால் கோயிலும் ஆஸ்பத்திரியும் விசேஷ வீடும்தான் என்று யார் முடிவு பண்ணியது? அலங்காநல்லூர் பக்கத்துக் கீழக்கரையில் 2024 ஜனவரியில் ஜல்லிக்கட்டு அரங்கம் திறந்தார்கள். நல்ல விஷயம், எனக்கும் பெருமைதான். சித்தப்பா விடியற்காலையில் கிளம்பிப் போய் நாள் முழுக்க இருந்துவிட்டு, ஒரு வாரம் அதையே பேசினார். யாரும் அவரைச் சுற்றுகிறார் என்று சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. தூங்கா நகரம் என்கிறோம், ராத்திரி ஒரு மணிக்குச் சுடச்சுட இட்லி கிடைக்கிற ஊர்தான். அந்த நேரத்தில் அந்தக் கடைகளில் நின்று சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேர் பெண்கள்? இந்த ஊர் வளர்கிறது, பாலம் வருகிறது, ஐடி பூங்கா வருகிறது என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். வளர்கிற ஊரில் அம்மாவுக்கு ஒரு சாயங்காலம் கூடக் கிடையாதா?

ஆம்பளைத் துணை இல்லாத வீடு, அக்கம்பக்கம் எப்படியோ என்றும் ஒரு பேச்சு ஓடுகிறதாம். எதிர்வீட்டு அம்மா முதல் நாளே காபி கொண்டுவந்து கொடுத்தார். ஜெய்ஹிந்த்புரத்தில் வாடகைக்கு இருந்த வருடங்களில் எத்தனை வீட்டுக்காரர்கள் எங்களை எப்படிப் பேசினார்கள் என்று எனக்குத்தான் தெரியும். இந்த வீட்டில் ஆணி அடிக்க யாரையும் கேட்க வேண்டாம். அப்பா படத்தை முதல் நாளே மாட்டிவிட்டோம்.

இதெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், நேற்று ராத்திரி அம்மா கேட்டார். "ஏன்டி, இத வித்துட்டு வாடகைக்கே போயிருவமா? ஒங்கப்பா காசு வீணாப் போச்சோன்னு இருக்கு" என்றார். பால் காய்ச்சிய அன்று வாசல் நிறையக் கோலம் போட்டுவிட்டு, இடம் பத்தவில்லை என்று லிஃப்ட் வரைக்கும் இழுத்தவர்.

சித்தப்பா, எனக்கு நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். இந்தப் பதிவுக்குப் பதில் எழுதவும் வேண்டாம். அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள். பழைய நம்பர்தான். இரண்டு மணிக்கு மேல் தூங்குவார், அதற்கு முன்னால் பேசுங்கள்.