மண்ணீரலை எடுத்தே ஆகணுமா?

"மண்ணீரல் தமனியில் வீக்கமா? வயிற்றைக் கிழித்து மண்ணீரலை எடுத்தே ஆகணும். இல்லாவிட்டால் பூண்டுச் சாறு குடியுங்கள், கரைந்துவிடும்." பெங்களூரு அல்சூர் பக்கத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி இது. இரண்டுமே தவறு. பூண்டு ரசத்துக்குச் சரி, தளர்ந்து பலூன்போல் உப்பிய தமனிச் சுவரை அது சரிசெய்யாது.

தொடை இடுக்கு அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே பிளாட்டினம் கம்பிச் சுருள்களை வைத்து வீக்கத்தை அடைக்கிறார்கள். சிலருக்கு உறை போட்ட ஸ்டென்ட், அதாவது தமனிக்குள் வைக்கும் சிறு வலைக்குழாய். இரைப்பையை ஒட்டிய சிறு தமனிகளும் ரத்தம் தருவதால் மண்ணீரல் பெரும்பாலும் தப்பிவிடும்.

வீக்கம் 3 செ.மீ.க்குக் குறைவாக, தொந்தரவில்லாமல் இருந்தால் பலருக்கு ஸ்கேன் கண்காணிப்பே போதும். ஆனால் கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்குச் சிறியதானாலும் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. கர்ப்பத்தில் வெடித்தால் தாய், சேய் இருவருக்கும் ஆபத்து. வெடித்த பிறகு வந்தால் திறந்த அறுவையும் தேவைப்படலாம்.