எடைக்குப் பழத்தைக் குற்றம் சொல்லாதீர்கள்

எடை கூடிவிட்டது என்று தெரிந்ததும் பலரும் முதலில் கைவிடுவது பழத்தைத்தான். "வாழைப்பழத்துல சர்க்கரை அதிகமாச்சே, திராட்சை சாப்பிட்டா தொப்பை போடுமே" என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறார்கள். பிஸ்கட் அப்படியே தொடர்கிறது, பாட்டில் ஜூஸும் தொடர்கிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனது ஆறுவதில்லை. எடைக்குப் பெரிதாகச் சம்பந்தமில்லாத ஒன்றைத் தண்டித்துவிட்டு, சம்பந்தப்பட்டதை விட்டுவிடுகிறோம்.

அடிப்படைக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, புரதத்திலும் 4, கொழுப்பில் 9. இந்த 9-ஐப் பார்த்துத்தான் பல பத்தாண்டுகள் கொழுப்பைத் திட்டினோம். அப்புறம் காற்று திசை மாறியது. கொழுப்பைச் சேமிக்கத் தூண்டும் இன்சுலின் ஹார்மோனைக் கிளப்பிவிடுகிறது, அதனால் மாவுச்சத்துதான் வில்லன் என்று, அதை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பை அதிகம் சாப்பிடும் கீட்டோ உணவுமுறை பக்கம் ஒரு கூட்டம் போனது. இரண்டு தரப்பும் இன்றுவரை விடாமல் சண்டை போடுகின்றன.

இந்தச் சண்டையை நேரடியாகச் சோதித்தும் பார்த்தார்கள். 2018-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு, 609 பேரை இரண்டாகப் பிரித்து ஓராண்டு கவனித்த முடிவை வெளியிட்டது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ இறங்கினார்கள், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. இரு தரப்புக்கும் ஒரு அறிவுரை பொதுவாகத் தரப்பட்டிருந்தது: காய்கறி நிறையச் சாப்பிடுங்கள், சர்க்கரையையும் ஆலையில் பக்குவப்படுத்திய உணவுகளையும் குறையுங்கள். என் கண்ணுக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

"கீட்டோவில் ஒரே வாரத்தில் மூன்று கிலோ குறைந்ததே?" என்று கேட்பார்கள். குறையும்தான். நம் கல்லீரலும் தசையும் மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமித்து வைக்கின்றன, ஏறக்குறைய அரை கிலோ வரை. அதில் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தினால் அந்தக் கிளைக்கோஜன் செலவாகும், தண்ணீரும் கூடவே வெளியேறும். முதல் வாரத்தில் எடைமெஷின் காட்டுவதில் பெரும்பகுதி இதுதான். பழையபடி சாப்பிட ஆரம்பித்ததும் அது அப்படியே திரும்பி வந்துவிடும்.

உடம்பில் கொழுப்பு சேரும் வழி இன்னும் சுவாரஸ்யமானது. சாப்பிட்ட மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றுவது நம் உடம்புக்கு வழக்கமான வேலை இல்லை, ரொம்ப அதிகமாகப் போனால்தான் அந்த வழிக்குப் போகும். பொதுவாக அது மாவுச்சத்தைத்தான் முதலில் எரிக்கிறது. அதை எரித்துக்கொண்டிருக்கும் வரை, கூடவே வந்த கொழுப்பு எரிக்கப்படாமல் சேமிப்புக்குப் போகிறது. அதனால் மாவும் எண்ணெயும் சர்க்கரையும் ஒரே பொருளில் கலந்து, அதுவும் தேவைக்கு மேல் உள்ளே போகும்போதுதான் எடை சுலபமாக ஏறுகிறது. கேக், சிப்ஸ், ஐஸ்கிரீம், க்ரீம் பிஸ்கட் எல்லாம் இந்த ரகம்தான். இவற்றை மென்று முடிக்க நேரமே ஆகாது. வயிறு 'போதும்' என்று சொல்வதற்குள் பாக்கெட் காலியாகிவிடும்.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஆய்வாளர் கெவின் ஹால் 2019-ல் இதை அழகாகக் காட்டினார். 20 பேருக்கு இரண்டு வாரம் ஆலைத் தயாரிப்பு உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. மாவுச்சத்து, கொழுப்பு, சர்க்கரை, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒரே அளவில் பரிமாறப்பட்டன, வேண்டிய அளவு சாப்பிடலாம். ஆலை உணவு தந்தபோது அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடையும் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறியது. சமைத்த உணவில் அதே அளவு இறங்கியது. யாரும் அவர்களை அதிகமாகச் சாப்பிடச் சொல்லவில்லை.

இப்போது பழத்துக்கு வருவோம். 100 கிராம் ஆப்பிளில் சுமார் 52 கலோரிதான், எடையில் 85 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். சர்க்கரை உண்டு, சுமார் 10 கிராம். ஆனால் அது நார்ச்சத்தோடும் தண்ணீரோடும் செல்களுக்குள் அடைபட்டு இருக்கிறது. மென்றுதான் வெளியே எடுக்க வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும், வயிறும் நிறையும். 500 கலோரிக்கு ஆப்பிள் சாப்பிட வேண்டுமென்றால் ஒரு கிலோ நெருங்கிவிடும். யாரால் ஒரே மூச்சில் முடியும்? அதே 500 கலோரியை எண்ணெயில் நாலைந்து மேசைக்கரண்டி தந்துவிடும், ஊற்றியதுகூடத் தெரியாது.

ஜூஸ் வேறு கதை. 1977-லேயே ஆப்பிளை முழுசாகவும், மசித்தும், ஜூஸாகவும் கொடுத்து ஒப்பிட்டிருக்கிறார்கள். முழுப் பழத்தைவிட ஜூஸ் பதினோரு மடங்கு வேகமாக உள்ளே போனது, பசி குறைவாகவே அடங்கியது. 2009-ல் வந்த இன்னொரு ஆய்வில், சாப்பாட்டுக்கு முன் முழு ஆப்பிள் தின்றவர்கள், அந்த ஆப்பிளின் கலோரியையும் சேர்த்தே, எதுவும் தின்னாத நாளைவிட 15 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டார்கள். ஜூஸில் நார்ச்சத்தைத் தனியாகக் கலந்து கொடுத்தும் அந்தப் பலன் வரவில்லை. உலக சுகாதார அமைப்பு 2015-ல் சர்க்கரைக்கு வரம்பு சொன்னபோது, ஜூஸில் உள்ளதையும் தேனையும் அந்தக் கணக்கில் சேர்த்தது, முழுப் பழத்தில் இருப்பதைச் சேர்க்கவில்லை. 'வீட்டிலேயே பிழிந்தது, சர்க்கரை போடவில்லை' என்று சமாதானம் சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

விதிவிலக்கும் உண்டு. உலர்திராட்சை 100 கிராமில் சுமார் 300 கலோரி, புதுத் திராட்சையில் 70-க்குள். தண்ணீர் போய்விட்டதால் கைப்பிடி கைப்பிடியாக உள்ளே போய்விடும், அதில் அளவு வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் எந்தப் பழம், எவ்வளவு என்பதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யட்டும். அது எடையைத் தாண்டிய விஷயம்.

மற்றவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அதற்கு மேல் பழம் தின்றால் அதுவும் கூடுதல் கலோரிதான். மாலையில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கும் நேரத்தில் அதற்குப் பதிலாக ஒரு பழம் தின்று பாருங்கள், தோலோடு தின்னக்கூடியதைத் தோலோடே தின்னுங்கள்.