தடியன் நிற்கிறான், ஒல்லியன் போய்விட்டான்

எங்கள் பாட்டி வீட்டில் ஒரு சிங்கர் கால் தையல் மெஷின் இருந்தது. கறுப்பு உடம்பில் தங்க எழுத்து. எண்ணெய் போட ஆரம்பித்தால் யாரையும் பக்கத்தில் விடமாட்டாள். அந்தக் கம்பெனி நியூயார்க்கில் ஒரு கோபுரம் கட்டியது, 1908இல் உலகத்திலேயே உயரமான அலுவலகக் கட்டடம் அதுதான் (612 அடி) என்பதெல்லாம் வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்தபோது கோபுரம் இல்லை. 1960களின் கடைசியில் இடித்துவிட்டார்கள்.

அதற்குச் சற்றுத் தள்ளி, பிராட்வே என்ற பெருந்தெருவின் எதிர்ச்சாரியில், ஈக்விடபிள் கட்டடம் மட்டும் இன்றும் நிற்கிறது. எனக்கு ஆதங்கம் அதில்தான்.

அங்கே முன்பு இருந்த ஈக்விடபிள் காப்பீட்டுக் கம்பெனியின் பழைய கட்டடம் 1912 ஜனவரி 9 அன்று எரிந்துபோனது. அன்றைக்கு அடித்த குளிரில், பீய்ச்சிய தண்ணீரெல்லாம் சுவரிலேயே உறைந்து, எரிந்த கட்டடம் பனிக்கட்டி மாளிகை மாதிரி ஆகிவிட்டது. பாதுகாப்புப் பெட்டகப் பகுதியில் சிக்கிய ஒருவரை, ஜன்னல் கம்பியை ரம்பத்தால் அறுத்து வெளியே எடுத்தார்கள்.

1915இல் அதே இடத்தில் புதுக் கட்டடம் எழுந்தது. ஒரு ஏக்கருக்கும் சற்றுக் குறைவான மனை. அதில் 38 மாடி, சுமார் 12 லட்சம் சதுர அடி. நடைபாதை ஓரத்திலிருந்து உள்வாங்காமல் நெட்டுக்குத்தாக ஏறுகிற சுவர். நம்மூர் எஃப்.எஸ்.ஐ. கணக்கில், அதாவது மனையைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு என்ற கணக்கில், 30! சென்னையில் சாதாரணக் கட்டடத்துக்கு 2தான் தருகிறார்கள். இன்னும் மேலே கட்டாததற்குக் காரணம் மனசாட்சி இல்லை, லிஃப்ட். மாடி கூடக்கூட லிஃப்ட் அதிகம் வேண்டும், அது வாடகைக்கு விடும் இடத்தைத் தின்றுவிடும். எங்கே நிறுத்தினால் லாபம் என்று கணக்குப் போட்டு நிறுத்தினார்கள்.

நிழல் சுமார் 7 ஏக்கர் விழுந்ததாம். அக்கம்பக்கத்துக் கட்டடக்காரர்கள் வெளிச்சமில்லை, வாடகை போச்சு, வரியைக் குறை என்று கிளம்பினார்கள். 1916 ஜூலையில் நகரம் மண்டலச் சட்டம் கொண்டுவந்தது, எந்தப் பகுதியில் என்ன, எப்படிக் கட்டலாம் என்று சொல்கிற சட்டம். 'நிழலால் பிறந்த சட்டம்' என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள்.

எனக்கு அது பாதிக் கதை. உயரத்தைக் கட்டுப்படுத்துவது பற்றி ஆராய 1913இலேயே, இந்தக் கட்டடம் எழும்பி முடிவதற்கு முன்பே, குழு போட்டாயிற்று. ஐந்தாம் அவென்யூ என்ற கடைத்தெருவின் பெரிய கடைக்காரர்கள் வேறு நெருக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஆயத்த ஆடைப் பட்டறைகளில் தைக்கிறவர்கள், பெரும்பாலும் வந்தேறிய யூதர்களும் இத்தாலியர்களும், மதிய வேளையில் அந்த நடைபாதையில் கூட்டமாக நிற்பது கடைக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. பட்டறையைக் காலி செய்யாதவர்களிடம் சரக்கு எடுக்கமாட்டோம் என்று பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தார்கள். தையல்காரர்களைத் தள்ளிவைக்கிற சங்கதியும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. நிழலைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை.

சட்டம் சொன்னது இதுதான்: மேலே போகப்போக உள்ளே தள்ளிக் கட்டு. மனைப் பரப்பில் கால்பங்கு இடத்தில் மட்டும் எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் போகலாம். எம்பயர் ஸ்டேட் படிப்படியாக ஏறுவது இதனால்தான். கோபுரம் கால்பங்கில் நிற்கட்டும் என்று முன்பிருந்தே வாதாடியவர் யார் தெரியுமா? சிங்கர் கோபுரத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் எர்னஸ்ட் ஃபிளாக். அவர் கோபுரம் பக்கத்துக்கு 65 அடிதான், ஒல்லி.

அந்த ஒல்லிதான் அதற்கு எமனானது. 1960களில் எல்லாருக்கும் அகலமான தளம் வேண்டியிருந்தது. லிஃப்டும் படிக்கட்டும் போக அங்கே என்ன மிஞ்சும்? முன்கூடத்துப் பளிங்குத் தூண்களில் ஊசி, நூல், பாபின் பொறித்த வெண்கலப் பதக்கங்கள் இருந்தன. இடித்துவிட்டு ஒரு இரும்புக் கம்பெனிக்காக 54 மாடிக் கறுப்புப் பெட்டி கட்டினார்கள். தடியன் ஈக்விடபிளை யாரும் தொடவில்லை. தொட்டால் அந்த மனையில் அத்தனை சதுர அடி திரும்பக் கிடைக்காது. அவனைத் திட்டிப் போட்ட சட்டமே அவனுக்குக் காவல்.

பழைய கட்டடங்களைக் காப்பாற்ற நியூயார்க் 1965இலேயே ஆணையம் அமைத்துவிட்டது. சிங்கர் அதன் பட்டியலில் ஏறவில்லை. ஈக்விடபிள் ஏறியது, 1996இல்.