ஓட ஓட செட் ஆயிருங்ணா

இன்று காலை புகைப் பரிசோதனை நிலையத்தில் என் கார் தோற்றுப்போனது. நம் ஊரில் புகைப் பரிசோதனையில் ஒரு கார் தோற்பதென்றால் எல்.கே.ஜி.யில் பிள்ளை ஃபெயிலாவது மாதிரி. கருவியைப் பிடித்திருந்த பையனே நம்பவில்லை. சைலன்சரிலிருந்து குழாயை உருவி, துடைத்து, மறுபடி சொருகினான். கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். திரையில் அதைப்போல் மூன்று மடங்கு.

"அண்ணா, இதுல கேட் இருக்குதுங்களா?"

கேட் என்றால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் பெட்டி. அது இருக்கிறது என்றுதான் எக்ஸாஸ்ட் மாற்ற ஒன்றேகால் லட்சம் கொடுத்திருக்கிறேன் தம்பி.

முதலிலிருந்து கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் இன்று தூக்கம் வராது. வண்டி ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் 230. 2017இல் இந்தியாவுக்கென்று ஒதுக்கியதே 500தான். இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல், 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர். இரண்டு வருஷம் தேடி, செகண்ட் ஹேண்டில் பிடித்தேன். எல்லாம் சரி, சத்தம் மட்டும் கொஞ்சம் சாது. அதை ஒரு குறை என்று நினைத்தேன் பாருங்கள், அந்த நினைப்பைத்தான் முதலில் செருப்பால் அடிக்க வேண்டும்.

போனில் பார்த்த வீடியோ ஒன்று பதினைந்து விநாடி ஓடும். சுரங்கப்பாதைக்குள் இதே வண்டி, கியர் மாறும்போது பின்னால் பட்பட்டென்று வெடி. புல்லரித்தது. கோயம்புத்தூரில் நான்கு பேரிடம் விசாரித்து, எக்ஸாஸ்ட், அதாவது புகைக்குழாய், மாற்றித் தரும் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் வண்டியைச் சுற்றிவந்து சொன்ன முதல் வாக்கியம்: "ஹெட்டர்ஸும் மாத்திரலாங்ணா, அதுலதான் பவரே இருக்குது."

அங்கேயே சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். ஹெட்டர்ஸ் என்பது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு, அதாவது சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் குழாய்க்கொத்துக்கு, பதிலாக மாட்டுவது. இந்த எஞ்சினில் அந்த மேனிஃபோல்ட் தனியாகவே கிடையாது. சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்து வார்த்திருக்கிறார்கள், டர்போ நேராக ஹெட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. இல்லாத ஒன்றை மாற்றித் தருகிறேன் என்றவரிடம் நான் சிரித்து மழுப்பிவிட்டு அட்வான்ஸ் கொடுத்தேன். ஆசை.

அவர் சொன்ன கணக்கு இது. டர்போவிலிருந்து பின் பம்பர் வரை மூன்று அங்குலக் குழாய், எல்லாம் 304 ஸ்டெயின்லெஸ். டர்போவை ஒட்டிய முதல் குழாயான டவுன்பைப்பில் 200 செல் ஸ்போர்ட்ஸ் கேட், அதாவது சதுர அங்குலத்துக்கு 200 துளை. முப்பது குதிரை கூடும். குதிரைத்திறனை அளந்த டைனோ ரிப்போர்ட் உண்டா என்று கேட்டதற்கு, "ஓட்டுனா உங்களுக்கே தெரியுங்ணா." தெரிந்தது. கூடியதெல்லாம் காதுக்குத்தான், வலது காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. டர்போ வண்டியில் டவுன்பைப்பைப் பெரிதாக்கினால் பலன் உண்டு என்பது உண்மை, ஆனால் அதற்கேற்ப எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியுவை ரீமேப் செய்தால்தான் அது முழுதாகக் கைக்கு வரும். அந்தச் செலவு தனி என்பது பில் போடும் நேரத்தில்தான் அவருக்கு ஞாபகம் வந்தது.

பழைய டவுன்பைப்பை டிக்கியில் போடச் சொன்னேன். "அது எதுக்குங்ணா, இரும்புக் கடையில போட்டா முந்நூறு ரூபா தேறும், பசங்க டீ குடிச்சுக்குவாங்க." பாவம் பசங்க என்று விட்டுவிட்டேன். அந்த டவுன்பைப்பில் இருந்த கம்பெனி கேட்டுக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். ரோடியம் தங்கத்தைவிட விலை கூடியது. அதை உருக்கிப் பிரிப்பதற்கென்றே வாங்கிப்போகும் ஆட்கள் இருக்கிறார்கள். எத்தனை பேர் எத்தனை வருஷம் டீ குடித்தார்களோ!

முதல் வாரமே செக் எஞ்சின் விளக்கு. கோடு பி0420, அதாவது கேட் தன் வேலையைச் செய்யவில்லை. போன் அடித்தேன். "புதுசுல்லங்ணா, ஓட ஓட செட் ஆயிரும்." செட் ஆகவில்லை. மறுபடி போனதும் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு அடியில் ஒரு ஸ்பேசரைச் சொருகி, புகை சென்சாரில் சரியாகப் படாதபடி தள்ளி வைத்துவிட்டார்கள். விளக்கு அணைந்தது. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைத்த வைத்தியம்.

அப்புறம் சேலம் பயணம். அம்மா, மனைவி, பையன், எல்லோரும். அவிநாசி தாண்டி ஆறாவது கியரில் வேகம் நூறை ஒட்டியதும் காருக்குள் 'ம்ம்ம்ம்ம்' என்று ஒரு முழக்கம். சத்தம்கூட இல்லை அது, மண்டைக்குள் ஒரு அழுத்தம். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வெடிக்கும். நிமிடத்துக்கு 2,400 சுற்றில் விநாடிக்கு 80 தடவை. அந்த 80 ஹெர்ட்ஸ் காரின் தகரக்கூட்டோடு சேர்ந்து முழங்கினால் கண்ணாடி ஏற்றினாலும் போகாது, இறக்கினாலும் போகாது. கம்பெனிக்காரன் நடுக்குழாயில் ரெசொனேட்டர் என்று ஒன்றை வைத்திருந்தது இதை விழுங்கத்தான். அதை நம்ம ஆள், "சும்மா டப்பாங்ணா, பவரை அடைக்குது" என்று அறுத்துப் போட்டுவிட்டார்.

பெருந்துறை வருவதற்குள் அம்மா சொன்னார்: "கண்ணு, காதுக்குள்ள மாவு மில்லு ஓடற மாதிரி இருக்குது." சங்ககிரியில் நிறுத்தி ஒரு தலைவலி மாத்திரை. திரும்பி வரும்போது பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்று அடம்பிடித்தார். 230 குதிரைத்திறன் காரில் ஏறமாட்டேன், டவுன் பஸ் போதும் என்கிற நிலைக்கு எழுபது வயது அம்மாவைக் கொண்டுவந்தேன்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. ஒரு முனை அடைத்த குழாயை, ஒரு மீட்டருக்கும் மேல் நீளத்தில் கணக்குப் போட்டு, பக்கவாட்டில் பற்றவைத்தால் அந்தக் குறிப்பிட்ட அலை உள்ளே போய்த் திரும்பி வந்து தன்னைத்தானே அடித்துக்கொள்ளும். ஜே பைப் என்பார்கள். கடைக்காரரிடம் சொன்னேன். "பாட்டு கொஞ்சம் ஜாஸ்தியா வெச்சுக்கங்ணா" என்றார்.

ஒருநாள் கடுப்பில் ஃபிரிட்ஜ் காந்தத்தை எடுத்துக்கொண்டு போய்க் குழாயில் வைத்தேன். அசல் 304இல் காந்தம் ஒட்டக் கூடாது. வளைத்த இடத்தில் 304கூட லேசாகக் காந்தத்தை இழுக்கும், அதைக்கூட மன்னிக்கலாம். இது நேர்க்குழாயிலேயே பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. மோட்டார் பம்பு செய்து ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்பும் ஊர் இது. டிக் வெல்டிங்கில் முத்துக் கோத்தது மாதிரி தையல் போடும் கைகள் தெருவுக்கு நான்கு உண்டு. எனக்கு வாய்த்தவர் குழாய்க்குள் காற்றைத் தள்ளிவைக்கும் ஆர்கான் வாயுவே விடாமல் பற்றவைத்திருக்கிறார். உள்பக்கம் கரிந்த பாகு மாதிரி பொருக்குத் தட்டிக் கிடக்கிறது.

சட்டமும் என் பக்கம் இல்லை. கம்பெனி குறித்ததற்கு மாறாக வண்டியை மாற்றாதே என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. சத்தத்துக்கும் புகைக்கும் 190(2)இல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை உள்ளே, அல்லது இரண்டும். மாட்டப்போவது நான். கடைக்காரர் கொடுத்த ரசீதில் 'எக்ஸாஸ்ட் வேலை' என்று இரண்டே சொல். ரேஸ் ஓட்டவா மாற்றினாய் என்று மட்டும் கேட்காதீர்கள். கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக் செட்டிபாளையத்தில், வீட்டிலிருந்து அரைமணி நேரம். ஒருநாளும் உள்ளே போனதில்லை.

சரி, இன்றைக்கு வருவோம். அந்தப் பையன் கேட்ட கேள்வி உறுத்த, நண்பரின் ஷெட்டில் வண்டியை லிஃப்டில் ஏற்றி டவுன்பைப்பைக் கழற்றினோம். ஒரு முனையில் டார்ச் அடித்தேன். நண்பர் மறுமுனையில் கண்ணை வைத்துவிட்டு, "உன் சட்டை பட்டன் தெரியுதுடா" என்றார். 200 செல்லும் இல்லை, இரண்டு செல்லும் இல்லை. கேட் மாதிரி உப்பிய வெறும் டப்பா.

இதில் எனக்கு நெஞ்சு எரிவது ஒரு விஷயத்துக்குத்தான். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் ஈசியு சுற்றைக் கூட்டி, தீப்பொறியைத் தாமதப்படுத்தி, சூடான புகையைப் பின்னால் தள்ளும். கேட் சீக்கிரம் சூடானால்தான் வேலை செய்யும் என்பதால் அந்த ஏற்பாடு. ஆக, இத்தனை மாதமாக இல்லாத கேட்டைச் சூடாக்கத்தான் என் வண்டி தினமும் விடியற்காலையில் அடுக்குமாடி முழுவதும் அதிரக் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. மூன்றாம் மாடித் தாத்தா என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இரண்டாம் மாடியில் கைக்குழந்தை.

கடைக்காரருக்குப் போன் அடித்தேன். மூன்றாவது தடவை எடுத்தார். டப்பா காலி என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "ஓட்டிப் பாருங்ணா…" என்று ஆரம்பித்தார். வைத்துவிட்டேன்.

நாளை காலை ஐந்து மணிக்கு ஸ்டேஷன் போக வேண்டும். ஆட்டோவுக்குச் சொல்லியிருக்கிறேன்.