சாரை வந்தால் நல்லபாம்பும் வருமா?

அண்ணே, "சாரையும் நல்லபாம்பும் ஜோடி, சாரையைப் பார்த்த உடனே அடிச்சிடணும், கோழிக்கூண்டைச் சுத்தி பெருங்காயத் தண்ணி ஊத்தினா போதும்"னு எழுதியிருக்கீங்க. மூணுமே தப்பு.

சாரை வேற இனம், நல்லபாம்போட இணை சேராது. பின்னிப் பிணைஞ்சு ஆடுதுன்னு நாம பார்க்கிறது பெரும்பாலும் ரெண்டு ஆண் சாரை போடுற மல்லுக்கட்டு. சாரைக்கு விஷம் கிடையாது. கோழிக்குஞ்சை விழுங்கும், அதை மறுக்கல. ஆனா எலியைத் தின்னுறதும் அதுதான். அடிச்சா 1972 வன உயிரினச் சட்டப்படி குற்றம் வேற.

பெருங்காயத்தை நம்பி ராத்திரி டார்ச் இல்லாம கூண்டுப் பக்கம் போயிடாதீங்க. வேலூர் மாவட்டத்துல எங்க அணைக்கட்டு ஊர்ப் பக்கம் கூண்டோரமா கல்லும் விறகும் குவிச்சு வைக்கிறது வழக்கம். சிந்தின தீவனத்துக்கு எலி வரும், எலி பின்னாடி பாம்பு வரும். தீவனத்தை மூடி வைங்க, முட்டையைச் சாயங்காலமே எடுத்துடுங்க. வழக்கமான கோழிவலை ஓட்டையில குட்டிப்பாம்பு நுழைஞ்சிடும்; அரை அங்குலத்துக்கும் சின்ன கண்ணுள்ள கம்பிவலை வாங்குங்க.

முக்கியமா ஒண்ணு. கட்டுவிரியன் கடிச்சா பல நேரம் வலியோ வீக்கமோ தெரியாது. "எறும்பு கடிச்சிருக்கும்"னு படுத்துடாதீங்க. கயிறு கட்டாம, கீறாம, 108-ஐக் கூப்பிட்டு விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்க. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை நமக்குப் பக்கம்தானே.